மழைத் தண்ணீர் மண்ணுக்குள் போனபின் என்ன ஆகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும்போதும், கிணறு வற்றும்போதும், வீட்டுக்கு மழைநீர்க் குழி எடுக்கும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பள்ளிப் பாடத்து நீர்ச் சுழற்சிப் படத்தில் கடல், மேகம், மழை, ஆறு எல்லாம் விரிவாக இருக்கும். மண்ணுக்குக் கீழே மட்டும் ஒரே ஓர் அம்புக்குறி போட்டு முடித்திருப்பார்கள். அந்த அம்புக்குறி காட்டும் பயணம் ஓரிடத்தில் சில நாளில் முடியும், இன்னோரிடத்தில் ஆயிரம் ஆண்டும் ஆகும். உங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்பதும் நிற்காததும் அந்த வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் இங்கே பதில்கள் பெரும்பாலும் வேகத்தையும் அளவையும் பற்றியே பேசுகின்றன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வருகின்றன.

பெய்கிற மழையில் எவ்வளவு நிலத்தடிக்குப் போய்ச் சேர்கிறது?

பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. பெய்ததில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகி வானத்துக்கே திரும்புகிறது. ஒரு பகுதி ஓடையில் ஓடுகிறது. மிச்சம்தான் கீழே இறங்குகிறது.

நிலத்தடி நீரைக் கணக்கிட மத்திய அரசு வகுத்துள்ள முறையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு விழுக்காடு உண்டு. கிழக்குக் கடற்கரை வண்டல் என்றால் மழையில் 16 விழுக்காடு. களிமண் அதிகம் கலக்காத, மக்கிய கருங்கல் பகுதி என்றால் 11. களி கலந்திருந்தால் 8. வெடிப்பே இல்லாத முழுப் பாறை என்றால் 1 மட்டுமே.

இதை ஓர் ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 4,047 லிட்டர். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் அது 28 லட்சம் லிட்டர். அதில் 11 விழுக்காடு என்றால் சுமார் 3 லட்சம் லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் மோட்டாரை நாளுக்கு 6 மணி நேரம் ஓட்டினால், ஓர் ஏக்கர் நிலம் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்த நீர் 5 நாளில் முடிந்துவிடும். அதன்பின் உங்கள் மோட்டார் இறைப்பது சுற்றியுள்ள நிலங்களில் இறங்கிய தண்ணீரை, அல்லது முந்தைய ஆண்டுகளின் சேமிப்பை.

ஒரு நல்ல மழை பெய்தால் எவ்வளவு ஆழம் நனையும்?

மறுநாள் காலையில் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டிப் பார்த்தால் தெரியும். மேலே மண் கறுத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். ஓர் ஆழத்துக்குக் கீழே சட்டென்று நிறம் வெளுத்து, பொடிப் பொடியாக உதிரும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருக்கும். தண்ணீர் மேல் அடுக்கை நிறைத்த பிறகுதான் அடுத்த அடுக்குக்குப் போகிறது. நன்கு காய்ந்த மண்ணில் நூறில் 15 பங்கு தண்ணீர் பிடிக்க இடம் இருக்கிறது என்று வையுங்கள். 30 மில்லிமீட்டர் மழை 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, நனைத்து நின்றுவிடும். உழவுக்கு அது அருமையான மழை. கிணற்றுக்கு அதில் ஒரு சொட்டும் போகாது.

அந்த ஈரத்தைப் பயிரும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து மழை பெய்து, வேர் எட்டும் ஆழம் முழுவதும் நிறைந்த பிறகு மிஞ்சுவதுதான் கீழே இறங்கத் தொடங்கும். இடைவெளி விட்டுத் தூறும் 100 மில்லிமீட்டரைவிட, ஒரு வாரத்துக்குள் சேர்ந்து பெய்யும் 100 மில்லிமீட்டர் கிணற்றுக்கு நல்லது என்று விவசாயிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

மண்ணுக்கு மண் இது மாறுமா?

நிறைய மாறும். மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் உறிஞ்சும். வண்டல் கலந்த நடுத்தர மண் 10 முதல் 20. களிமண் 1 முதல் 5 மட்டும். அதற்கு மேல் வேகமாகப் பெய்தால் மிச்சம் மேலேயே ஓடிவிடும்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் தனி ரகம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழை அந்த வெடிப்புகள் வழியே விறுவிறுவென்று உள்ளே போகும். பிறகு மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்கிற மழை வயலில் குளம் கட்டி நிற்கும். செம்மண் அப்படியில்லை, கடைசிவரை ஓரளவு உள்ளே விடும். ஆனால் டிராக்டர் பலமுறை ஏறி இறங்கிய செம்மண் நிலத்தில், உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டி அடுக்கு உருவாகிவிடுகிறது. அதன்மேல் தண்ணீர் தேங்கிப் பக்கவாட்டில் நழுவும்.

மண் ஈரம் வேறு, நிலத்தடி நீர் வேறா?

வேறுதான். மேல் மண்ணில் துளைகளுக்குள் காற்றும் தண்ணீரும் கலந்து இருக்கும். மண் துகள்கள் அந்த நீரை இறுகப் பிடித்துவைத்திருக்கும். அங்கே கிணறு தோண்டினால் சுவர் ஈரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் கிணற்றுக்குள் வராது. எல்லாத் துளைகளும் தண்ணீரால் நிறைந்த ஆழத்தைத் தொட்டால்தான் ஊறத் தொடங்கும். அந்த எல்லையே நீர்மட்டம்.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயும் தண்ணீர் ஏறி நிற்கும். துளை சிறிதாக இருந்தால் ஏற்றம் அதிகம். பருமணலில் சில சென்டிமீட்டர், களிமண்ணில் ஒரு மீட்டருக்கு மேலும் ஏறும். நீர்மட்டம் மிக மேலே இருக்கும் தாழ்நிலங்களில் இது ஓயாமல் நடக்கிறது. ஏறிய நீர் வெயிலில் ஆவியாக, அதில் இருந்த உப்பு மட்டும் தரையில் வெள்ளையாகப் படியும். வாய்க்கால் பாசன வயல்களில் உவர் பூப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

பூமிக்கு அடியில் ஆறு ஓடுகிறதா? "நீரோட்டம்" என்கிறார்களே?

ஆறு ஓடவில்லை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறை. அங்கே தண்ணீர் இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, மேலே மக்கிப்போன பாறை அடுக்கு. இன்னொன்று, அதற்குக் கீழே உள்ள பாறையில் விழுந்த வெடிப்புகள். வெடிப்பு என்றால் அகலமான சுரங்கம் என்று நினைக்க வேண்டாம். நல்ல தண்ணீர் தரும் பல வெடிப்புகள் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அவை ஒன்றோடொன்று பின்னி நீளமாகப் போவதால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மீதி 27 விழுக்காட்டு நிலத்தில், அதாவது கடலோரத்திலும் ஆற்றுப் படுகைகளிலும், மணலும் மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்கே தண்ணீர் மணல் துகள்களின் இடுக்குகளில் இருக்கிறது.

சுண்ணாம்புக் கல் மட்டும் விதிவிலக்கு. மழைநீரில் கரைந்துள்ள கரியமில வாயு அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளும் கால்வாய்களும் உண்டாக்கிவிடும். யாழ்ப்பாணக் குடாநாடு அப்படிப்பட்ட நிலம். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் அங்கே இல்லை, மழைக்காலத்து வழுக்கியாறு தவிர. ஆனால் புத்தூர் நிலாவரைக் கிணறு போல ஆழமான நீர்க்குழிகள் உள்ளன. அந்த ஊர்களில் தண்ணீர் வேகமாக உள்ளே இறங்குகிறது. அதே வேகத்தில் தோட்டத்து உரமும் கழிவறைக் குழியின் அழுக்கும் இறங்கிவிடுகின்றன. கிணற்று நீரில் நைட்ரேட் கூடுவது அங்கே நெடுநாள் கவலை.

அப்படியானால் நிலத்தடி நீர் என்ன வேகத்தில் நகர்கிறது?

1856-ல் பிரான்சின் திஜோன் நகரில் ஆன்றி டார்சி என்ற பொறியாளர், நகரின் குடிநீர் வேலைக்காக, மணல் நிரப்பிய உருளைகள் வழியே தண்ணீர் விட்டு அளந்தார். இரு முனைகளுக்கும் நீர்மட்ட வேறுபாடு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டித்தது. மணல் படுகையின் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியானது. நிலத்தடி நீர்க் கணக்கு முழுவதும் இன்றும் அந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

நல்ல மணல் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, நாளுக்கு 10 மீட்டர் நீர் கடத்தும் திறன், நூறில் 25 பங்கு இடைவெளி. கடத்தும் திறனைச் சரிவால் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால், தண்ணீர் நாளுக்கு 4 சென்டிமீட்டர் நகரும். ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர். அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரியிலிருந்து இன்று கசிந்த நீர் உங்கள் கிணற்றுக்கு வந்துசேர 30 ஆண்டுக்கு மேலாகும். இதே சரிவில் கெட்டிக் களிமண் என்றால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. பாறை வெடிப்பில் மட்டும் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடலாம்.

"ஏரி நிறைந்த வாரமே எங்கள் கிணறு ஏறிவிடுகிறதே?"

ஏறும், அதில் தவறில்லை. ஏரியில் மட்டம் உயர்ந்ததும் அந்த அழுத்தம் நிலத்துக்குள் வேகமாகப் பரவி, ஏற்கெனவே உங்கள் கிணற்றைச் சுற்றி இருந்த நீரை உள்ளே தள்ளுகிறது. வந்தது பழைய தண்ணீர், தள்ளியது புதிய தண்ணீர். நீர்த்துளியின் வேகமும் அழுத்தத்தின் வேகமும் வேறு. மாசு பரவுவதைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு உயிர்நாடியானது. ஒரு தொழிற்சாலைக் கழிவு நிலத்தில் இறங்கி 10 ஆண்டு ஆகியும் பக்கத்து ஊர்க் கிணறு சுத்தமாக இருக்கலாம். கழிவு வராது என்று அதற்குப் பொருள் இல்லை. இன்னும் வந்துகொண்டிருக்கலாம்.

நாங்கள் 600 அடி போட்டும் வெறும் புழுதி. பக்கத்துத் தோட்டத்தில் 200 அடியிலேயே தண்ணீர். எப்படி?

போர் வண்டி ஓடும்போது அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் செம்மண் வரும். பிறகு மஞ்சளும் பழுப்புமாக மக்கிய பாறைத் தூள். கெட்டிப் பாறை தட்டியதும் துளையிடுவதை நிறுத்தி, அதுவரை, மேல் மண் சரியாமல் தாங்கும் கேசிங் பைப் இறக்குவார்கள். அதன்பின் கம்ப்ரசர் காற்று சாம்பல் நிறப் பாறை மாவை மேலே ஊதித் தள்ளும். சுற்றியுள்ள தென்னை ஓலையெல்லாம் வெளுத்துவிடும். பாறையின் நிறம் மாறினாலோ, தூள் திடீரென்று பருமனாக வந்தாலோ, வண்டிக்காரர் முகம் நிமிரும். வெடிப்பைத் தொட்ட நொடியில் புழுதி அடங்கிச் சேறாகும், அடுத்து தண்ணீர் பீச்சும். அந்த வெடிப்பைத் தொடாவிட்டால் எத்தனை அடி போனாலும் மாவுதான்.

வெடிப்புகள் எல்லாத் திசையிலும் சீராக இருப்பதில்லை. பெரும்பாலும் சாய்வாகவோ செங்குத்தாகவோ, ஒரே திசையில் வரிசையாகப் போகும். பக்கத்துத் தோட்டத்துப் போர் அதில் ஒன்றை வெட்டியிருக்கிறது, உங்களுடையது அதற்குப் பத்தடி தள்ளி நேராகக் கீழே போயிருக்கிறது. கொங்குப் பகுதியில் திறந்த கிணற்றின் அடியில் நின்று பக்கவாட்டில் 'சைடு போர்' போடுவதும் இந்தக் காரணத்தால்தான். செங்குத்து வெடிப்பைக் குறுக்கே வெட்டப் படுக்கைத் துளைக்கே வாய்ப்பு அதிகம்.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பதை நம்பலாமா?

வேண்டாம். உள்ளங்கையில் தேங்காய் நிமிர்வதும் குச்சி தாழ்வதும் பிடித்திருப்பவரே அறியாமல் நிகழும் சிறு தசை அசைவுகள். நிலத்தடி நீருக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக முறையான சோதனை எதுவும் காட்டவில்லை. அனுபவசாலிகள் சிலர் சரியாகச் சொல்வதுண்டு. அவர்கள் நிலத்தின் சரிவு, மரங்களின் செழிப்பு, புற்று, அக்கம்பக்கக் கிணறுகள் எல்லாவற்றையும் கண்ணால் கணித்திருப்பார்கள். அந்த அறிவு உண்மையானது.

அதற்குப் பதில், நிலத்தின் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்யச் சொல்லுங்கள். தரையில் கம்பிகள் அடித்து மின்சாரம் செலுத்தி, ஆழத்துக்கு ஆழம் தடை எப்படி மாறுகிறது என்று அளப்பார்கள். நீர் நிறைந்த மக்கிய பாறையில் தடை குறையும். களிமண்ணிலும் குறையும், அதனால் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பிவிடாமல் அந்த நிலத்தின் அமைப்பையும் தெரிந்த நிலவியலாளர் தேவை. ஆய்வுக்கு ஆகும் செலவு, தோற்றுப்போகும் ஒரு போரின் செலவில் சிறு பங்குதான்.

எங்கள் கிணறு ஒரே மழையில் பத்துப் பதினைந்து அடி ஏறுகிறது, தை முடிவதற்குள் இறங்கிவிடுகிறது. ஏன்?

ஒரே அளவு தண்ணீரை ஒடுங்கிய டம்ளரில் ஊற்றினால் மளமளவென்று ஏறும், அண்டாவில் ஊற்றினால் அடியில்தான் நிற்கும். மக்கிய பாறை அந்த டம்ளர். அதில் வடிந்து வெளியே வரக்கூடிய நீருக்கான இடம் நூறில் 1 முதல் 3 பங்குதான். 77 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால், 1.5 விழுக்காடு இடமுள்ள பாறையில் மட்டம் 5 மீட்டர், அதாவது 16 அடிக்கு மேல் ஏறும். ஆற்று வண்டலில் அந்த இடம் 16 விழுக்காடு வரை இருக்கும். அங்கே அதே நீர் அரை மீட்டர்தான் ஏற்றும்.

ஏறும் வேகம்தான் இறங்கும் வேகமும். கிணறு நிறைந்துவிட்டது என்று பார்த்ததும் வாழையும் கரும்பும் வைப்பவர்கள் ஏமாறுவது இங்கே. மட்டம் மேலே தெரிந்தாலும் இருப்பு குறைவு.

இன்னும் ஆழமாகப் போட்டால் தண்ணீர் கூடுமா?

கூடும் என்று எண்ணித்தான் 1,000 அடியும் அதற்கு மேலும் போகிறார்கள். ஆழம் கூடக் கூட மேலே உள்ள பாறையின் பாரம் வெடிப்புகளை நெருக்குகிறது. நல்ல வெடிப்புகள் பெரும்பாலும் முதல் 300 அடிக்குள்ளேயே இருக்கும். அதற்குக் கீழே கிடைப்பது அரிது. கிடைத்தாலும், பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த நீர் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், மீண்டும் நிறைய அதே காலம் வேண்டும்.

இன்னொரு பாதிப்பும் உண்டு. ஆழமான போர், மேல் அடுக்கு நீர் கீழே வடிய ஒரு வழியையும் திறந்துவிடுகிறது. ஊரில் திறந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 அதிநுகர்வுப் பகுதிகள், அதாவது ஓர் ஆண்டில் இறங்குவதைவிட அதிகமாக இறைக்கும் பகுதிகள். அங்கெல்லாம் ஆழப்படுத்துவது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் நாம் எடுத்துவிடுவது மட்டுமே. புதிதாக ஒரு லிட்டரும் உண்டாவதில்லை.

கோடையில் மழையே இல்லை. ஆனாலும் சில ஓடைகளில் தண்ணீர் வருகிறதே, எங்கிருந்து?

நிலத்தடியிலிருந்துதான். மழைக்காலத்தில் மலை உள்வாங்கிய நீர், மண்ணின் வழியாகவும் பாறை இடுக்குகள் வழியாகவும் மெல்ல நகர்ந்து, ஓடைப் பள்ளங்களில் வெளிவருகிறது. பொதிகையிலிருந்து வரும் தாமிரபரணி ஆண்டு முழுவதும் ஓடுவதில் இரண்டு பருவமழைகளுக்கும் பங்கு உண்டு, மலைக்காட்டு மண் பிடித்துவைத்து விடும் நீருக்கும் பங்கு உண்டு.

எந்த மரம் இருக்கிறது என்பதும் முக்கியம். நீலகிரியில் புல்வெளிகளில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டபிறகு ஓடைகளுக்கு என்ன ஆனது என்று ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் பல ஆண்டுகள் அளந்தது. நீர்ப்பிடிப்பின் ஏறக்குறைய 60 விழுக்காட்டில் மரம் நட்டதில், நட்ட மரத்தை முதல்முறை வெட்டும்வரையிலான காலத்திலேயே ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. புல்லைவிட அந்த மரம் அதிக நீரை வானத்துக்கு அனுப்புகிறது. 'மரம் நட்டால் நீர் பெருகும்' என்று எல்லா இடத்துக்கும் ஒரே விதியாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. சோலையும் புல்லும் இருந்த மலையில் சோலையும் புல்லுமே இருக்க வேண்டும்.

ஆற்றில் மணல் அள்ளினால் கிணறு ஏன் வற்றுகிறது?

இராமநாதபுரம் பக்கம் கோடையில் வறண்ட வைகைப் படுகையில் பெண்கள் ஊற்றுத் தோண்டுவதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று அடி மணலை விலக்கியதும் அடியில் நீர் கசியும். முதலில் கலங்கலாக ஊறுவதை இறைத்து வெளியே கொட்டிவிட்டுத் தெளியும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மேலே ஒரு சொட்டும் ஓடாத ஆறு, உள்ளே தண்ணீர் வைத்திருக்கிறது. பாலாற்றில் இதே நீரைப் படுகையில் கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றுக்கால் என்று பெயர்.

ஆற்று மணலில் பத்து அடி ஆழம் தண்ணீர் நின்றால், அதில் ஏறக்குறைய இரண்டு அடி உண்மையான தண்ணீர். மேல் சில அடிகளுக்குக் கீழே இருக்கும் நீரை வெயில் தொட முடியாது. வெள்ளம் வரும்போது ஓடும் நீரைப் பிடித்து நிறுத்தி, கரையோரக் கிணறுகளுக்கு மெதுவாகக் கொடுப்பது இந்த மணல்தான். அதைக் களி தட்டும்வரை அள்ளிவிட்டால் இரண்டு இழப்பு நேர்கிறது. சேமிக்கும் இடம் போகிறது. படுகை தாழ்ந்துவிடுவதால், கரையோரக் கிணறுகளில் இருந்த நீரும் ஆற்றை நோக்கி வடியத் தொடங்குகிறது. பல நூற்றாண்டுகளில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல் அது. ஒரு ஊரின் நீர்த்தேக்கத்தை லாரியில் ஏற்றி விற்பதாகவே இதைப் பார்க்கிறேன், இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

கடலோரத்தில் போர் ஏன் உப்பாக மாறுகிறது?

கடலோர மணலில் நல்ல தண்ணீர், அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் சுமார் 2.5 விழுக்காடு கனமானது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நல்ல நீர் இருக்கும். இதன் மறுபக்கம் கடுமையானது: இறைத்து மேலே 1 மீட்டர் குறைத்தால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவரும். உடனே வராது, ஆனால் வந்துவிட்டால் திரும்பிப் போகப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் இதற்குத் துயரமான சான்று. ஆரணியாறு, கொற்றலையாற்றுப் படுகையின் அருமையான மணல் அடுக்குகளிலிருந்து 1960-களின் இறுதியிலிருந்து நகருக்கும் ஆலைகளுக்கும் இறைத்தார்கள், உழவர்களும் இறைத்தார்கள். உப்பு உள்நாட்டுக்குள் 10 கிலோமீட்டருக்கும் மேல் புகுந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். அங்கே நல்ல நீர், சுற்றிலும் கடல்நீர் தாங்கி நிற்கும் ஒரு மெல்லிய படலம்.

சில ஊர்களில் போர் போட்டதும் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கியதாகச் சொல்கிறார்களே?

உண்மை. நீர் நிறைந்த மணற்கல் அடுக்கின் மேல் களி அடுக்கு மூடியிருந்து, மழை இறங்கும் மேட்டு நிலம் தொலைவில் உயரத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தில் இருக்கும். களியைத் துளைத்ததும் மேலே பாயும். கடலூர் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிணறுகள் இருந்தன. நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலும் அழுத்தமுள்ள நீர் அடுக்கு இருப்பதால், சுரங்கத் தரை வெடித்து மேலே வராமலிருக்க இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நீர் பெரும்பாலும் மிகப் பழையது. சுற்று வட்டாரத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் இன்று மோட்டார் வைத்தும் திணறுவதற்கு அந்த அழுத்தம் இறங்கியதே காரணம்.

ஏரியைத் தூர்வாரினால் கிணறு ஊறுமா?

அடியில் படிந்த நுண்ணிய களியை எடுத்தால் கசிவு கூடும், ஊறும். ஆனால் அளவு மீறித் தோண்டினால் பாசன மடைக்குக் கீழே நிரந்தரப் பள்ளம் விழும், வயலுக்குத் தண்ணீர் போகாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. பலவற்றில் முதல் தேவை வரத்துக்கால்வாயைத் திறப்பது. வரத்து இல்லாத ஏரியில் தூர் எடுத்து என்ன பயன்?

நிலத்துக்குள் வடிந்த நீர் சுத்தமாகத்தானே இருக்கும்?

கலங்கலும் கிருமிகளும் மணலில் பெருமளவு வடிகட்டப்படும். கரைந்த உப்புகள் வடியாது. மேலும் தண்ணீர் பாறையைத் தொட்டுக்கொண்டு நெடுநாள் கிடந்தால் பாறையிலிருந்தே சில பொருள்கள் கரையும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு அப்படி வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் நெடுங்காலம் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். அந்த ஊர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடும்.

வீட்டில் மழைநீர்க் குழி எடுப்பதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, மண்ணுக்கு ஏற்றபடி எடுத்தால். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர். நனைந்து காய்ந்ததும் சிதறியதும் போக 7,000 லிட்டருக்கு மேல் குழிக்கு வரும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமானது. அதன்பின் நல்ல மழை வந்த ஆண்டுகளில் சென்னையில் கிணற்று மட்டம் உயர்ந்தது. ஆனால் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு நகரம் தவித்தபோது, எத்தனை வீட்டுக் குழிகள் வேலை செய்யும் நிலையில் இருந்தன என்ற கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

பெசன்ட் நகர் போன்ற மணல் பகுதியில் ஆழமில்லாத குழி போதும். களிமண் பகுதியில் அதே குழி எடுத்தால் அது கொசு வளர்க்கும் தொட்டிதான். அங்கே குழியின் அடியிலிருந்து களியைத் தாண்டி மணல் வரை ஒரு துளை இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி போன்று பாறை மேலேயே தட்டும் இடத்தில் திறந்த கிணறு இருந்தால் அதற்குள் விடுவதே சிறந்தது. எங்கே எடுத்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். அடைத்துக்கொள்வது மேல் அரையடியில்தான்.

வற்றிய பழைய போர் ஒன்று கிடக்கிறது. அதில் மழைநீரை விடலாமா?

விடலாம், மாடித் தண்ணீரை மட்டும். சாலை நீரும், உரம் போட்ட வயல் நீரும், வீட்டுக் கழிவுநீரும் ஒருபோதும் கூடாது. போர் என்பது பாறை நீருக்கு நேர்வழி. மண் வடிகட்டும் வேலை அங்கே நடப்பதே இல்லை. போரைச் சுற்றி ஆறடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே பருமணல் நிரப்புங்கள். அந்த உயரத்துக்குக் கேசிங் பைப்பில் துளையிட்டு நைலான் வலை சுற்றுங்கள். ஆண்டின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசி எல்லாம் அதில் போய்விடும்.

இவ்வளவு செலவு செய்யுமுன் ஒரு டேங்கர் தண்ணீரைப் போருக்குள் ஊற்றி, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் இறங்கினால் அந்தப் போர் ஏதோ ஒரு வெடிப்பைத் தொட்டிருக்கிறது, வேலையைத் தொடங்கலாம். இரண்டு நாள் ஆகியும் அப்படியே நின்றால் அதில் பயனில்லை. அடியிலிருந்து மண்ணும் ஜல்லியும் போட்டு நிரப்பி, வாயை இரும்பு மூடியால் இறுக்கி மூடிவிடுங்கள். மூடாத போரில் குழந்தைகள் விழுந்திருக்கிறார்கள். இந்த வேலையை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.